புழுங்கல் அரிசியிலிருந்து விண்வெளி வரை



"ராக்கெட் விட்டால் ஏழை வயிறு நிறையுமா?" எனக்கு முன்பு பேசிய நண்பர் இப்படிக் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள், ஆராய்ச்சி என்பது பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு, தோட்டத்திலிருந்து வந்த நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்ற எண்ணமும் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன்.

நான் ஜொகூர், மாசாயிலிருந்து வருகிறேன். இன்று எங்கள் ஊரைப் பார்ப்பவர்களுக்கு வீடமைப்புப் பகுதிகளும் கடை வரிசைகளும் பாசிர் கூடாங்குக்குப் போகும் லாரிகளும்தான் தெரியும். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் பால்மரக் காடு. அந்தக் காட்டில் வேலை செய்த எங்கள் பாட்டி கடைசிவரை புழுங்கல் அரிசிச் சோறுதான் சாப்பிட்டார். "பச்சரிசி உடம்புக்கு ஆகாது" என்பார். நாங்கள் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் 'பெரி பெரி' என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக இறந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் சாப்பிட்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. வித்தியாசம் இனத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது என்று அவர் 1907இல் புத்தகமே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் சேருகிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் தேட வேண்டிய இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டார்.

அதே காலத்தில் டாக்டர் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் பலர் நோயுற்றார்கள், உயிரும் இழந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் பகுதியில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். முடிவும் அதேதான். இது தொற்றுநோய் இல்லை, விஷமும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறைவு என்று கண்டார்கள்.

அந்தச் சத்துதான் இன்று பி1 என்று நாம் சொல்லும் தயமின். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சமாவது மிஞ்சும். 1912இல் 'விட்டமின்' என்ற சொல் பிறந்தது. ஜாவாவில் கோழிகளை வைத்து இந்தப் பாதையைத் திறந்த எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாட்டிகளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய சோற்றுப் பானை இந்தக் கதைக்கு ஒரு முக்கியமான சாட்சி.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். டாக்டர்களின் பெயர் நமக்குத் தெரியும். அந்த விடுதியில் வெள்ளை அரிசி சாப்பிட்டு இறந்தவர்களின் பெயரை யார் அறிவார்? ஆராய்ச்சியைப் போற்றுகிறவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

அடுத்தது மலேரியா. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் அதைப் பயன்படுத்திச் சதுப்பு நிலங்களை வடித்தார், காட்டை வெட்டினார். கரையோரத்தில் காய்ச்சல் குறைந்தது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது! கரையோரக் கொசு நிழலில் வளர்வது. மலையோரக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. எந்தக் கொசு என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது என்ற பாடம் இந்த மண்ணில்தான் படிக்கப்பட்டது. பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று கொயினா விழுங்கிய நம் முன்னோர்கள்தான் அதற்கு விலை கொடுத்தவர்கள். மனிதரிடம் மட்டும் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் தொற்றவில்லை. குரங்கிலிருந்து வரும் வகை இன்னும் இருக்கிறது. வேலை முடியவில்லை.

இப்போது விவசாயத்துக்கு வருவோம். மரத்தின் உள்சதையைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லி உருவாக்கினார். அவர் 1888இல் அங்கே வந்தவர். அதன்பின் 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதுப்புது ரகங்களைத் தந்தது. 'அறுநூறு' என்று சொன்னால் பழைய பால்மரத் தொழிலாளிகளுக்கு உடனே புரியும். அது அந்தக் கழகம் கொடுத்த ரகத்தின் எண். மரம் எவ்வளவு பால் தரும் என்பது ஆய்வுக்கூடத்தில் தீர்மானமாகும். அந்தப் பால் வாளியில் சேர்வதோ வெட்டுகிறவரின் கைத்திறனில் இருக்கிறது.

ரப்பருக்குப் பிறகு செம்பனை வந்தது. முன்பெல்லாம் செம்பனைப் பூக்களுக்கு ஆட்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவ வேண்டும். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் அந்த வேலையே இல்லாமல் காய் பிடிக்கிறதே என்று கவனித்தவர் லெஸ்லி டேவிட்சன். பூச்சியியல் அறிஞர் சைட் ஆராய்ந்து, ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டுதான் காரணம் என்று கண்டார். அந்த வண்டு மற்ற பயிர்களைத் தின்னுமா என்று சோதித்த பிறகே, 1981இல் எங்கள் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். விளைச்சல் உயர்ந்தது. நாட்டுக்குப் பெரும் லாபம். ஆனால் மகரந்தம் தூவிய கைகளுக்கு அந்த வேலை இல்லாமல் போனது. லாபத்தின் கணக்கு எழுதப்பட்டது. இழப்பின் கணக்கு எழுதப்பட்டதா?

கடைசியாக விண்வெளி. 2007 அக்டோபர் 10ஆம் தேதி நம் நாட்டின் டாக்டர் ஷேக் முஸாபார் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அவர் எலும்பு மருத்துவர். புற்றுநோய் உயிரணுக்கள் எடையற்ற நிலையில் எப்படி நடந்துகொள்கின்றன, புரதங்கள் எப்படிப் படிகமாகின்றன என்ற சோதனைகளை அங்கே செய்தார். 2009 ஜூலை 14இல் 'ரசாக்சாட்' துணைக்கோள் ஏவப்பட்டது. பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றினால் மேகம் விலகும் நேரம் பார்த்து நம் நிலங்களைப் படமெடுக்கலாம் என்பது திட்டம். அது எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே செயலிழந்தது. தோல்விதான். ஆனால் பிராடனின் விஷக் கருத்தும் தோல்விதானே? அதன்மேல் ஏறித்தான் அடுத்தவர்கள் உண்மையைத் தொட்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். செவ்வாய்ப் பயணத்துக்காக ஆண்டுக்கணக்கில் சேமித்துவைக்கும் உணவில் பி1 சத்து குறைந்துவிடுகிறது. அதை எப்படிக் காப்பது என்று விண்வெளி ஆய்வாளர்கள் இன்று கவலைப்படுகிறார்கள். அதே பி1! சுரங்கத் தொழிலாளியைக் கொன்ற குறைபாடு விண்வெளி வீரரையும் விடுவதாக இல்லை.

என் நண்பரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ராக்கெட் மட்டும் வயிற்றை நிரப்பாது. ஆனால் ஆராய்ச்சி நம்மைத் தேடி வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது ஏற்கனவே நம் லயத்துக்குள் வந்தது, நம் தட்டை எட்டிப் பார்த்தது, நம் இரத்தத்தைச் சோதித்தது. அப்போது நாம் எண்களாக இருந்தோம். கேள்வி கேட்கிறவர்களாக இல்லை.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் வட்டாரத்துப் பெற்றோர்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரே பதில்தான்: "பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது?" அந்தப் பதிலைச் சொல்ல ஆய்வுக் கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், உண்மையை மறைக்காமல் சொல்லும் மனம் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் மாசாயிலிருந்தும் வரவேண்டும். மகன் அறிவியல் பாடத்தில் "ஏன்?" என்று கேட்டால், "பரீட்சைக்கு வருமா?" என்று திருப்பிக் கேட்காதீர்கள். கூடவே, வீட்டில் முதியவர்கள் இருந்தால் தோட்டத்தில் என்ன சாப்பிட்டார்கள், என்ன காய்ச்சல் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பிராடன் செய்ததும் அதைத்தான். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தார், எழுதிவைத்தார்.