மூன்று வயது அரசன்

லா சப்பலில் நமது கடைகள் இருக்கும் போபூர் சென் தெனி வீதி, முன்னொரு காலத்தில் பிரெஞ்சு அரசர்களின் பிரேதங்களைக் கொண்டுபோன பாதை. அந்தப் பாதை முடிகிற பசிலிக்கா, ஸ்தேனுக்குப் பக்கத்து ஊரான சென் தெனியில் இருக்கிறது. அங்கே ஒரு பளிங்குக் குடுவைக்குள் காய்ந்து கல்லாகிப்போன சின்ன இதயம் ஒன்று இருக்கிறது. 1795 ஜூன் 8ஆம் திகதி, பத்து வயதில், சிறையில் இறந்த பதினாறாம் லூயியின் மகனுடையது. பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் பெலெத்தான் அதை இரகசியமாக எடுத்து வைத்தார். பின்னாளில் 'நானே அந்த இளவரசன்' என்று பலர் கிளம்பினார்கள். 2000இல் தாய்வழி மரபணுவைச் சோதித்து, 2004இல்தான் அதைப் பசிலிக்காவில் முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

அவனுடைய முன்னோர் தொட்டால் கண்டமாலை தீரும் என்று சனங்கள் நம்பினார்கள். 1825இல்கூட பத்தாம் சார்ள்ஸ் நோயாளிகளைத் தொட்டார்.

நமது அரச கதையிலும் அதிசயத்துக்குக் குறைவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், சோழ இளவரசி ஒருத்தியின் குதிரைமுகம் கீரிமலைத் தீர்த்தத்தில் மாறுகிறது. சிங்கமுகம் கொண்ட உக்கிரசிங்கன் அவளை மணக்கிறான். நல்லூர் ஆரியச்சக்கரவர்த்திகள் அந்த வழியினர் அல்லர். ஆனாலும் நமக்கு நல்லூரையும் குதிரைமுகத்தையும் சொல்லித் தந்தது ஒரே நூல்தான்.

அந்த நூல் இரண்டு சங்கிலிகளையும் ஒருவனாக்கி விடுகிறது. அதில் காணாமற்போனவன் ஒரு குழந்தை. 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுடைய மகனுக்கு மூன்று வயது. பாலகனுக்காக ஆட்சியைப் பார்த்தவர் அரசகேசரி. இரகுவம்சத்தைத் தமிழில் பாடியவர் இவரே என்பர். சங்கிலி குமாரன் அவரையும் வேறு அரச குடும்பத்தினரையும் கொன்று அதிகாரத்தைப் பிடித்தான். 1619இல் பிலிப் தெ ஒலிவேரா படையோடு வந்தான். கடல்வழி தப்ப முயன்ற சங்கிலி அகப்பட்டு, கோவாவில் கொல்லப்பட்டான்.

குழந்தையைக் கொல்லவில்லை. பிரான்சிஸ்கன் துறவிகளிடம் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெற்று, கொன்ஸ்தந்தீனு என்ற பெயரோடு அவனும் துறவியானான். அரச குடும்பத்தில் எஞ்சிய மற்றவர்களிற் பலரும் துறவு மடங்களுக்கே போனார்கள். இதைக் கருணை என்று நான் நினைக்கவில்லை. 1620இல் தஞ்சாவூர்ப் படை வந்து இறங்கியிருந்தது. இரத்த உரிமையுள்ள ஒருவன் கையில் கிடைத்தால் கலகத்துக்கு ஒரு கொடி கிடைத்துவிடும். துறவிக்கு வாரிசு இல்லை. வாளைவிட இது சுத்தமான வேலை.

நமது மேடைகளில் சங்கிலியன் எத்தனை தரம் வாள் வீசியிருப்பான்! முத்திரைச் சந்தியில் குதிரை மேல் நிற்பவனும் அவன்தான். அந்தச் சிறுவனைத் தேடுவதென்றால் கோவாவில் இருந்து எழுதிய குவேறோஸ் பாதிரியாரிடம் போகவேண்டியிருக்கிறது. பிடித்துக்கொண்டு போனவர்களின் புத்தகத்தில்தான் அவனுக்கு இடம் இருக்கிறது.