மதுரையில் பவளத்தொட்டி

உயிருள்ள பவளங்களையும் அவற்றோடு வாழும் மீன்களையும் வீட்டுக்குள் வளர்ப்பதற்கான கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியே பவளத்தொட்டி. மதுரையிலிருந்து மண்டபத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 150 கி.மீ.; மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் அங்கிருந்து தூத்துக்குடி வரை தீவுகளை ஒட்டிக் கிடக்கின்றன. இருந்தும் மதுரைத் தொட்டிக்கு அந்தக் கடலிலிருந்து கிடைப்பது குறைவு. பாறை, உப்பு, குளிர்ச்சி என எல்லாவற்றையும் வீட்டிலேயே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் தடை சட்டம். தூத்துக்குடிப் பகுதியில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவே பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளைக் கொண்ட கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவானது. 2001-இல் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவையும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைப்பதும் குற்றமே. வெளிநாட்டுக் கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. ஆவணம் காட்டாத வியாபாரியிடம் வாங்கக் கூடாது.

வீட்டில் பாறைத்தொட்டி வைக்கும் முறையை 1961-இல் உலகுக்கு எழுதிக் காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த பாறையோடு அதிலிருந்த நுண்ணுயிர்களும் வந்து தண்ணீரைச் சுத்தம் செய்தன. அந்த வழி இங்கே அடைபட்டிருப்பதால், செயற்கைப் பாறையில் பாக்டீரியாவைக் குடியேற்ற வேண்டும். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் இந்தச் சுழற்சி நிலைபெறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதற்குள் மீனை விடுவது மீனைக் கொல்வதுதான்.

உப்பில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். தூத்துக்குடி உப்பு கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதைக் கரைத்தால் கடல்நீர் வராது. பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியம் பெருமளவு முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் கசப்புநீரோடு போய்விடுகிறது. இடையில் விளைவது சோடியம் குளோரைடு. பவளம் எலும்புக்கூடு கட்ட லிட்டருக்கு 400–450 மி.கி. கால்சியமும் 1,300 மி.கி.யை ஒட்டிய மக்னீசியமும் வேண்டும். எனவே தொட்டிக்கென்றே தயாரித்த உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராமுக்குக் குறையாமல் ஆர்ஓ தண்ணீரில் கரைக்கிறார்கள். கடினமான போர் தண்ணீர் உதவாது. பித்தளை அண்டாவில் பிடித்து வைத்த நீரும் ஆகாது. செம்பு மிகச் சிறிய அளவிலேயே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

எடையைப் பலரும் தொட்டி வந்து இறங்கிய பிறகே யோசிக்கிறார்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி சுமார் 680 லிட்டர் கொள்ளும். நீர் மட்டுமே ஏறக்குறைய 700 கிலோ. அது நிற்கும் தரையோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. மாடியில் வைக்க விரும்புபவர் முதலில் கட்டடப் பொறியாளரைப் பார்ப்பது நல்லது. தரைத்தளமே உத்தமம்.

வெயில்தான் பெரிய எதிரி. தொட்டி நீர் 24 முதல் 27 பாகைக்குள் இருக்க வேண்டும். மதுரைக் கோடையில் வெளியே 38, 40 என்று ஏறுகிறது. சூடு அளவு மீறினால் பவளத்தின் திசுவுக்குள் இருந்து அதற்கு உணவூட்டும் ஒரு செல் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது நடந்தது. சில்லர் நீரைக் குளிர்விக்கும். ஆனால் எடுத்த சூட்டை அந்த அறையிலேயே கக்கும் என்பதால் அதைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்து வறண்ட காற்றில் நீர்மேல் விசிறி வைத்தாலே இரண்டு மூன்று பாகை குறையும். அப்போது ஆவியாவது நன்னீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஈடு செய்ய ஊற்றுவது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீராக இருக்க வேண்டும்.

கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், அலையடிக்கும் வேவ்மேக்கர், நீல ஒளி மிகுந்த எல்இடி விளக்கு ஆகியவை வழக்கமான சாதனங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் காலையில் போய் மாலையில் வரும் நாட்களில் வேவ்மேக்கர் ஒன்றாவது பேட்டரியில் ஓட வேண்டும். ஏனென்றால் சூடான நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு; நீர் அசையாவிட்டால் அதுவும் போதாது.

உயிர்களில் தொடக்கத்துக்கு ஏற்றவை கல் பவளம் அல்லாத காளான் பவளமும் பொத்தான் பாலிப்பும். பொத்தான் வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு; கையுறையில்லாமல் தொடக் கூடாது, பாறையோடு வெந்நீரில் போடவே கூடாது, ஆவியே மனிதரைப் படுக்கவைத்துவிடும். மீன்களில் கோமாளி மீனையும் டாம்செலையும் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியிருக்கிறது. பொரிப்பகக் குஞ்சு குருணைத் தீனிக்குப் பழகியே வரும். கடலில் பிடித்த மீனோ பல நேரம் தீனியைத் தொடாமலே சாகும்.