பழைய மஸ்டாங்: ஓடினா போதுமா, நிக்க வேண்டாமா?

1965ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங். சத்தமே அசத்தும்! ஆனா பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். முன்பக்க டிஸ்க் வேண்டுமென்றால் கூடுதல் காசு.

பிரேக் மிதித்தால் காரின் எடை முன்னால் சாயும்; பெரும்பாலான வேலை முன்சக்கரங்களுக்குத்தான். டிரம் சூடேறினால் விரிந்து, பிரேக் ஷூவை விட்டு விலகும். நீங்க மிதிச்சாலும் கார் சட்டென நிற்காது. திறந்தபடி சுழலும் டிஸ்க் சீக்கிரம் ஆறிவிடும்.

டிஸ்க் மட்டும் மாட்டினால் போதுமா?

போதாது. 1966 வரை வந்த மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் கசிந்தால் நாலு பிரேக்கும் போச்சு! 1967இல் வந்ததுபோல் இரண்டு அறை உள்ளதை மாட்டுங்கள். பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் அவசியம். இல்லாவிட்டால் அவை முதலில் இறுகி, கார் சுழன்றுவிடலாம்.

சஸ்பென்ஷனுக்கு 1965 ஷெல்பி ஜிடி350 காட்டிய வழி மலிவானது. முன்பக்க மேல் கன்ட்ரோல் ஆர்மைச் சுமார் 1 அங்குலம் கீழே இறக்கிப் பொருத்துவார்கள். வளைவில் டயர் சாலையில் நன்றாகப் பதியும். பிறகு மறக்காமல் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

பாகங்கள் வாங்குமுன் சக்கர போல்ட்டை எண்ணுங்க: 6 சிலிண்டர் காரில் 4, வி8 காரில் 5.