பஸ்ஸை கேரவனாக மாற்றினால் டயர் சைஸை கலந்து போடலாமா? திம்பம் ஏறும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

சத்தியமங்கலம் அருகே பண்ணாரியில் இருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். பழைய பஸ்ஸில் கட்டில், சமையல் மேடை வைத்து கேரவனாக்கி இந்த வழியே போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டயரைத்தான்.

எங்கே கலக்கவே கூடாது?

பின்பக்க ஜோடி டயர்களில். இரண்டும் ஒரே ஹப்பில் இருப்பதால் ஒன்றாகத்தான் சுற்றும். 10.00 ஆர் 20 டயரின் உயரம் சுமார் 105 செ.மீ.; 9.00 ஆர் 20 சுமார் 102 செ.மீ. இவற்றை ஜோடி சேர்த்தால் பெரிய டயர் அதிக எடையைத் தாங்கி சூடாகும், சின்னது இழுபட்டு தேயும். மலைப்பாதையில் டயர் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே ஆக்சிலில் ரேடியலும் நைலானும் கலக்கக் கூடாது.

முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ்?

எடை தாங்கும் திறன் சரியாக இருந்தால் ஓட்டலாம். ஆனால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. 22.5 இன்ச் ட்யூப்லெஸ் டயருக்கு மாறினால், 20 இன்ச் ரிம்மையும் மாற்றியாக வேண்டும்.

எப்படித் தேர்வு செய்வது?

தண்ணீர் டேங்க்கை நிரப்பி, எடை மேடையில் முன், பின் ஆக்சில்களை தனித்தனியாக எடை போடுங்க. டயரில் 152/148 என்று இருந்தால், தனி டயராக 3,550 கிலோ, ஜோடியில் ஒவ்வொன்றும் 3,150 கிலோ தாங்கும்.

தயாரிப்பு தேதியும் முக்கியம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நின்றே கிடக்கும் கேரவனில் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுப்போகும்.