வாடகை மீளளிப்பு ஆணை

வாடகை மீளளிப்பு ஆணை என்பது, இங்கிலாந்தில் உரிமம் பெறாத பகிர்வு வீட்டை வாடகைக்கு விடுதல் உள்ளிட்ட சில குற்றங்களைப் புரிந்த வீட்டு உரிமையாளர், தாம் பெற்ற வாடகையைத் திருப்பித் தருமாறு தீர்ப்பாயம் பிறப்பிக்கும் ஆணை ஆகும். வாழ்ந்து முடித்த காலத்துக்கான வாடகை திரும்பக் கிடைப்பது விந்தையாகத் தோன்றலாம். இது இழப்பீடு அன்று, தண்டனை. ஆகவே, குடியிருப்பவர் தமக்கு இழப்பு நேர்ந்ததாக நிறுவ வேண்டியதில்லை.

உரிமம்

சமையலறை, கழிவறை போன்றவற்றைப் பல குடித்தனத்தார் பகிர்ந்துகொள்ளும் வீடு எச்.எம்.ஓ. எனப்படுகிறது. 2004 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தளங்களில் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் இத்தகைய வீடுகளுக்கு 2006 முதல் உரிமம் கட்டாயமானது. 2018 அக்டோபர் 1 அன்று தள வரம்பு நீக்கப்பட்டது. சில உள்ளூராட்சி மன்றங்கள் மூவர் மட்டும் வாழும் வீடுகளுக்கும் உரிமம் கோருகின்றன. தீப்பாதுகாப்பு, அறையின் அளவு, குடியிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கண்காணிப்பதே உரிமத்தின் நோக்கமாகும். தனியொருவர் உறங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருத்தல் வேண்டும்.

வரலாறு

2004 சட்டத்தில் இவ்வாணை இடம்பெற்றிருந்தும் குடியிருப்போருக்கு அதனால் பெரும்பயன் விளையவில்லை. உரிமையாளர் முன்னரே தண்டிக்கப்பட்டிருந்தாலோ, மன்றம் தானே ஓர் ஆணையைப் பெற்றிருந்தாலோ மட்டுமே அவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. 2016 ஆம் ஆண்டின் வீட்டுவசதி மற்றும் திட்டமிடல் சட்டம் இத்தடையை நீக்கியது. 2017 ஏப்ரல் 6 முதல் குடியிருப்பவரே நேரடியாக முதல்நிலைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆயினும் தண்டனை என்பதால், குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

நடைமுறை

வீட்டுக்கு உரிமம் உண்டா என்பதை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் காணலாம். வாடகை செலுத்தியதற்கு வங்கிக் கணக்கு அறிக்கையே பெரும்பாலும் சான்றாகிறது. உரிமையாளர் முறைப்படி உரிமத்துக்கு விண்ணப்பித்த நாளோடு குற்றம் முடிவடைகிறது. அதற்குப் பிந்தைய வாடகை கணக்கில் வராது.

உரிமம் இல்லை என்பதற்காக வாடகையை நிறுத்திவைத்தல் தவறு. ஒப்பந்தம் செல்லுபடியாகவே இருக்கும். நிலுவை வைத்தவரின் நடத்தையையும் தீர்ப்பாயம் கருத்திற் கொள்ளும்.

தொகை

2016 சட்டம் 12 மாத வாடகையை உச்சவரம்பாக வைத்தது. மாதம் 600 பவுண்டு செலுத்தியவர் 7,200 பவுண்டு வரை கோரலாம் என்பது இதன் பொருள். எனினும் முழுத்தொகையும் கிடைப்பது உறுதியன்று. குற்றத்தின் கடுமை, இருதரப்பு நடத்தை, உரிமையாளரின் நிதிநிலை ஆகியவை ஆராயப்படும். வாடகைக்காக வழங்கப்பட்ட யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை கழிக்கப்படும். வாடகைக்குள் அடங்கிய மின்சாரம், எரிவாயுச் செலவுகளும் கழிக்கப்படலாம். ஆனால் உரிமையாளரின் வீட்டுக்கடன் தவணைக்குக் கழிவு இல்லை.

இடைநிலை நிறுவனங்கள்

உரிமையாளரிடம் வீட்டை வாடகைக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல உள்ளன. இவற்றில் சில சொத்து ஏதுமற்ற வெறும் பெயரளவு நிறுவனங்கள். ஆணை பெற்றாலும் பணம் வசூலாவது கடினம். நேரடியாக வாடகைக்கு விட்டவர் மீது மட்டுமன்றி, மேலுள்ள உரிமையாளர் மீதும் ஆணை பெறலாமா என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடியிருப்பவரிடம் நேரடியாக வீட்டை விட்டவர் மீது மட்டுமே ஆணை செல்லும் என 2023 மார்ச் 1 அன்று அது தீர்ப்பளித்தது. 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைகள் சட்டம், மேலுள்ள உரிமையாளரையும் ஆணைக்கு உட்படுத்தவும் உச்சவரம்பை 24 மாத வாடகையாக உயர்த்தவும் வழிவகுத்தது.