அந்தரத்தில் முறுக்கிய போல்ட்

ஷாக் அப்சார்பரை வீட்டு வாசலிலேயே மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகளில் ஒன்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குகிறார்கள், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே அதன் கீழ்முனை வளையமான கண்ணின் போல்ட்டைக் கடைசி வரை முறுக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு வேலை சுத்தம். ஆனால் அந்தக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ், தொங்கிய நிலையிலேயே இறுகிப் பிடிபட்டுவிட்டது. வண்டியை இறக்கியதும் எடை அமர்கிறது, கோணம் மாறுகிறது, ரப்பர் திருகிக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதும் அந்தத் திருகல் விடுவதில்லை. நாளடைவில் கிரீச்சென்று சத்தம் வரும், பிறகு ரப்பர் கிழியும். வாங்கிய பொருள் மட்டம் என்று பழி கடைக்காரர் மேல் விழும். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கைகளுக்கு நன்றாகப் பழகிய ஒரு வேலைமுறை, வேறொரு காலத்து வண்டியில் போய் நுழைந்ததால் வந்த பிழை இது.

அந்தப் பழக்கத்தின் ஊற்றைத் தேட விருதுநகர்ச் சீமையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அர்ச்சுனா நதியை மறித்து நீர்த்தேக்கம் அமைந்த ஆனைக்குட்டம், சிவகாசிக்கும் விருதுநகருக்கும் அருகில் கிடக்கும் ஊர். சுற்றிலும் மாட்டுவண்டியால் வளர்ந்த வணிக நகரங்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் பேட்டைகள் அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும் மதில் சூழ்ந்த இடங்கள் அவை. சரக்கின் மேல் தண்டிய மகமையில் அவை நடந்தன. 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் வந்த பிறகும், ரயிலடி வரை சரக்கைக் கொண்டுசேர்க்க வண்டிதான் வேண்டியிருந்தது. சக்கரம் செய்ய ஆசாரி இருந்தார், இரும்புப் பட்டத்தைக் காய்ச்சி ஏற்றக் கொல்லர் இருந்தார். வண்டி மை போடுவது மட்டும் வண்டிக்காரரின் சொந்த வேலை. இருசுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புவார். அச்சாணியைப் பிடுங்குவார், வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த மையைக் குடத்துக்குள் தடவுவார், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து அச்சாணியை மறுபடி அடிப்பார். முட்டுக்கட்டையை எடுப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். மாட்டுவண்டிக்கு அது முற்றிலும் சரி. மரமும் இரும்பும் மட்டுமே உள்ள கட்டமைப்பில், தூக்கிய நிலைக்கும் இறக்கிய நிலைக்கும் இடையே திருகிக்கொள்ள எதுவும் இல்லை.

வில் வண்டியில் பட்டை வில் இருந்ததே, அதிர்ச்சி தாங்கும் அமைப்பு நமக்குப் புதிதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. லண்டனில் ஒபதையா எலியட் 1804இல் காப்புரிமை பெற்ற நீள்வட்ட வில்லின் வழிவந்தவைதான் அவை. ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசும். அந்த உராய்வே துள்ளலைத் தின்றுவிடும். அதனால் எடையைத் தாங்குவது ஒரு வேலை, துள்ளலை அடக்குவது இன்னொரு வேலை என்று பிரித்தறிய வேண்டிய தேவையே வில் வண்டிக்காரருக்கு வரவில்லை. மோட்டார் வண்டியின் வேகம் கூடியபோதுதான் அந்த உராய்வு போதாமல் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் த்ருஃபோ உராய்வுத் தட்டுகளால் துள்ளலை அடக்கினார். பிறகு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளும் முறை வந்தது. இந்தியாவில் இதையே தொழிலாக எடுத்துக்கொண்ட கேப்ரியல் நிறுவனம் 1961இல் தொடங்கியது. ஷாக் அப்சார்பர் என்ற பெயர்தான் வம்பு. ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை வாங்குவதில்லை, அது ஸ்பிரிங்கின் வேலை. வாங்கிய அதிர்ச்சியை ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளித் தீர்க்காதபடி அடக்குவதும், அந்த ஆற்றலை எண்ணெயின் சூடாக மாற்றுவதும்தான் இதன் வேலை. எடை தாங்கும் தூண் என்று அதை நினைக்கிறவர், தூணுக்குரிய இறுக்கத்தைத்தான் கொடுப்பார்.

இதே தவறு அமெரிக்காவிலும் நடக்கிறது, மாட்டுவண்டியை ஏன் இழுக்க வேண்டும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. நடக்கிறதுதான்; வண்டி எல்லா நாட்டிலும் இருந்தது. இங்கே இரண்டு காலங்களும் ஒரே தலைமுறைக்குள் அடுத்தடுத்து நின்றன என்பதுதான் வேறுபாடு. 1983இல் மாருதி 800 முன்சக்கரத்தில், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த மக்பெர்சன் ஸ்ட்ரட்டோடு வந்தபோது, கரிசல் காட்டுப் பாதைகளில் மாட்டுவண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 2005இல் வந்த டாடா ஏஸுக்குக் குட்டி யானை என்று பெயர் வைத்து, மாட்டுவண்டி செய்த வேலையை அதன் தலையில் ஏற்றினார்கள். (ஆனைக்குட்டத்துக்குக் குட்டி யானை வந்ததில் பொருத்தம் இருக்கிறது.) பட்டறைக்காரர்களும் இதையே செய்கிறார்களே என்றால், அது என் வாதத்துக்கே பலம். பழைய லாரிப் பட்டறைகளில் தரையில் குழி வெட்டி, வண்டியை அதன் சொந்தச் சக்கரங்களில் நிறுத்தி, ஆள் கீழே இறங்கி வேலை பார்ப்பார். அங்கே இந்தத் தவறு நேரவே வழியில்லை. ஜாக்கியும் லிஃப்ட்டும் வந்த பிறகுதான் முட்டுக் கொடுத்த காலத்துப் பழக்கம் உயிர்த்தெழுந்தது.

இத்தனை சிறிய விஷயத்தைக் கரிசல் மண் சிறியதாக விடுவதில்லை. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது. அதன் மேல் போட்ட சாலை அலையலையாக நெளியும். ஒவ்வொரு நெளிவிலும் புஷ் திரும்புகிறது. ஏற்கெனவே திருகிக் கிடக்கும் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இழுபடுகிறது.

திருத்துவது எளிது, செலவும் இல்லை. வண்டியைச் சக்கரங்களில் இறக்கி, கீழே போக இடமில்லையென்றால் உறுதியான சாய்தளத்தில் ஏற்றி, ஓடாதபடி கட்டை வைத்து, கண் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். வண்டியை நாலைந்து முறை அமுக்கிவிட்டால் ரப்பர் தன் நிலைக்கு வந்துவிடும். அப்புறம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கலாம். மாட்டும் முன் புதியதை நிமிர்த்திப் பிடித்துச் சில முறை இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்ற மறந்திருந்தால், கழற்றிச் செய்துகொள்ளலாம். ஸ்ட்ரட்டில் அமுங்கி நிற்கும் சுருள் ஸ்பிரிங்கை மட்டும் அதற்குரிய கருவி இல்லாமல் வீட்டில் பிரிக்கக் கூடாது. அடைத்துவைத்த ஆற்றலின் குணத்தைப் பட்டாசுச் சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் நட்டை முறுக்கும்போது தண்டு சுற்றுகிறதே என்று பளபளக்கும் பகுதியைக் குறடால் பிடித்தவருக்குத்தான் வழியில்லை. அந்தக் கீறல் ஒவ்வொரு அசைவிலும் ஆயில் சீலை அறுக்கும். புதிதாக இன்னொன்று வாங்க வேண்டியதுதான்.