ரஞ்சகத்தில் இருந்து பிரைமர் வரை - ஒரு குட்டிக் கிண்ணியின் 200 வருஷத் தகராறு

தோட்டான்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது முன்னாடி கூரா இருக்கிற குண்டுதான். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க உள்ளே இருக்கிற மருந்தைச் சொல்லுவாங்க. ஆனா தோட்டாவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தா நடுவில் வட்டமா ஒரு பொட்டு இருக்கும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதுதான் பிரைமர். ஊசி வந்து அதில் ஒரு தட்டு தட்டினா உள்ளே இருக்கிற துளி மருந்து வெடிச்சு, அந்தத் தீ பெரிய மருந்தைப் பத்த வைக்கும். அது வேலை செய்யலைன்னா மத்ததெல்லாம் வெறும் உலோகம்.

இந்தப் பதிவு அந்தப் பொட்டைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, அதை ஒவ்வொண்ணா எடுத்து உரிய இடத்தில் வைக்கிறதில் மனுஷன் பட்ட பாட்டைப் பத்தி.

முதல்ல பழைய கதை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கிண்ணி இருக்கும். அதில் கொட்டுற பொடிக்குத் தமிழ்ல ரஞ்சகம்னு பேர். சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, பொறி பறந்து, ரஞ்சகம் பத்தி, அப்புறம்தான் குழாய்க்குள்ள இருக்கிற மருந்து பத்தும். மழை பெய்ஞ்சா போச்சு. காத்தடிச்சாலும் போச்சு.

இதில் கடுப்பானவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரில் இருந்த அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத். வேட்டைப் பிரியர். கிண்ணியில் எழும்புற வெளிச்சத்தைப் பார்த்துட்டுக் குண்டு வர்றதுக்குள்ள பறவை எஸ்கேப் ஆயிடுது! தீயே வேண்டாம், தட்டினாலே வெடிக்கிற ரசாயனப் பொடி போதும்னு யோசிச்சு 1807ல் காப்புரிமை வாங்கினார். அவர் செஞ்ச பூட்டு பார்க்க ஒரு சின்ன அத்தர் பாட்டில் மாதிரி இருக்கும். பாட்டிலைத் திருப்பினா ஒரு தடவைக்கு வேண்டிய பொடி மட்டும் உள்ளே விழும், திரும்பத் திருப்பினா சுத்தியல் தட்டும்.

கவனிங்க, முதல் நாளே பிரச்சினை ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு. எதை வெடிக்க வைக்கிறதுங்கிறது ரசாயனம். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணை எப்படிக் கொண்டுவந்து வைக்கிறதுங்கிறது இயந்திரம். ரசாயனம் சீக்கிரமே சரியாயிடுச்சு. இயந்திரம்தான் இன்னிக்கு வரைக்கும் இழுக்குது.

அடுத்து வந்தது செம்புத் தொப்பி. கேப்னு சொல்றது இதைத்தான். சின்னத் தொப்பிக்குள்ள ஒட்டின மருந்து. துப்பாக்கியில் இருக்கிற காம்பு மேல கவுத்து வெச்சுத் தட்டினா வேலை முடிஞ்சது. 1834ல் பிரிட்டிஷ்காரங்க வூல்விச்சில் ஒரு சோதனை பண்ணினாங்க. ரெண்டு வகையிலயும் 6,000 தடவை சுட்டாங்க. கல் துப்பாக்கி 922 தடவை சுடாமல் நின்னுது. கேப் துப்பாக்கி 36 தடவை. அதோட கல்லுக்கு டாட்டா.

ஆனா ஒரு குறை. அந்தக் கேப்பை ஒவ்வொரு தடவையும் கையால் எடுத்து வைக்கணும். குளிர்ல விறைச்ச விரல், போர்க்களத்து நடுக்கம், பையில் இருந்து எடுக்கும்போது கீழே விழும்.

இதை ஆட்டோமேட் பண்ணக் கிளம்பினவர் வாஷிங்டன் பல் டாக்டர் ஒருத்தர். எட்வர்ட் மேனார்ட். பல் டாக்டருக்கு இங்க என்ன வேலைன்னு கேக்காதீங்க, வரலாறு அப்படித்தான் :-) காகித நாடாவில் வரிசையாப் பொட்டுப் பொட்டா மருந்து வெச்சு ஒட்டி, சுருட்டித் துப்பாக்கிக்குள்ள வெச்சார். குதிரையைப் பின்னால் இழுத்தா நாடா ஒரு பொட்டு முன்னால் நகரும். 1845ல் காப்புரிமை.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? தீபாவளிக்கு நாம வாங்கின ரோல் கேப் துப்பாக்கி அதே ஐடியாதான். (பொம்மையில் மருந்து வேற.) அந்த ரோல் எப்படியெல்லாம் மக்கர் பண்ணும்னு உங்களுக்கே தெரியும். நமத்துப் போகும், கோணலா ஏறும், ரெண்டு பொட்டு சேர்ந்து நகரும், அப்புறம் நாடாவைக் கையால் இழுத்துக் கல்லை வெச்சுத் தட்டுவோம். அமெரிக்க ராணுவத்துக்கும் கிட்டத்தட்ட அதே அனுபவம். 1855 மாடல் துப்பாக்கியில் இந்த நாடாவைச் சேர்த்தாங்க. ஈரத்திலும் சேத்திலும் நம்ப முடியலை. 1861 மாடலில் தூக்கிட்டாங்க. உள்நாட்டுப் போர் வெடிச்ச வருஷம், திரும்பவும் கையால் கேப் வைக்கிற கதைக்கே வந்தாச்சு.

அந்தப் போரில் 1863 ஜூலை, கெட்டிஸ்பர்க் சண்டை. முடிஞ்சதும் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினாங்க. 27,000க்கும் மேல். அதில் சுமார் 24,000 குண்டு அடைச்சபடியே கிடந்தது. அதில் பாதிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தடவை அடைச்ச குண்டு. கால்வாசிக்குள்ள மூணில் இருந்து பத்து. ஒரே ஒரு துப்பாக்கியில் 23!

ஏன் இப்படி? பயம், சத்தம், புகை எல்லாம் காரணமா இருக்கலாம். கேப் வைக்க மறந்திருக்கலாம், வெச்ச கேப் வெடிக்காம இருந்திருக்கலாம். சுத்தி அத்தனை சத்தத்தில் தன் துப்பாக்கி சுட்டுதா இல்லையான்னே தெரியாது. கை பாட்டுக்கு அடுத்த ரவுண்டை அடைச்சிட்டே இருக்கும். கேப் வெடிக்காதது சின்னத் தப்பு. அது தெரியாமலே அடுத்த ஸ்டெப்புக்குப் போனதுதான் பெரிய தப்பு.

இதை மனசில் வெச்சுக்கிட்டு மேல வாங்க.

1866ல் பித்தளைக் கூட்டுக்குப் பின்னாலயே பிரைமரைப் பதிக்கிற வழி வந்தது. வூல்விச் ராணுவத் தொழிற்கூடத்துத் தலைவர் பாக்ஸர் ஒரு விதம், அமெரிக்கரான பெர்டான் ஒரு விதம். பாக்ஸர் பிரைமரில் தீ போக நடுவில் ஒரே ஓட்டை. பெர்டான் கூட்டில் பெரும்பாலும் ரெண்டு ஓட்டை, நடுவில் இருக்காது. வேடிக்கை என்னன்னா பிரிட்டிஷ்காரர் முறை அமெரிக்காவில் நிலைச்சுது, அமெரிக்கர் முறை ஐரோப்பாவில் பரவிச்சு.

நடுவில் ஒரே ஓட்டை இருந்தா உள்ளே ஒரு கம்பியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிட்டுப் புதுசு போட்டுக்கலாம். அதனாலதான் அமெரிக்காவில் சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்புறது வீட்டுக் கொட்டகையில் நடக்கிற பொழுதுபோக்கா வளர்ந்துச்சு. (நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாமத் தோட்டா தயாரிக்கிறது குற்றம். யாரும் கிளம்பிடாதீங்க.)

இதுக்குன்னு இருக்கிற பிரஸ்ஸில் ஒரு கைப்பிடி. பெரிய மாடலில் ஒவ்வொரு இழுப்புக்கும் கூடு ஒவ்வொரு ஸ்டேஷனாச் சுத்தி வரும்: பழைய பிரைமர் வெளியே, புது பிரைமர் உள்ளே, மருந்து, குண்டு. நிறைய மாடலில் புது பிரைமர்கள் ஒரு குழாயில் நூறு நூறா அடுக்கி நிக்கும். கீழே ஒரு தட்டு ஒண்ணே ஒண்ணை வாங்கிட்டுப் போய்க் கூட்டுக்கு அடியில் நிறுத்தும்.

ஃபோர்ஸைத் பாட்டில், மேனார்ட் நாடா, இந்தக் குழாய் எல்லாமே ஒரே வேலை. தகராறும் ஒரே ஜாதி. குழாயின் வாய் தேய்ஞ்சிருந்தா பிரைமர் சாய்ஞ்சு விழும். தட்டும் குழாயும் ஒரு மயிரிழை விலகியிருந்தா பாதியில் மாட்டும். சிந்தின மருந்துத் துகள் தட்டு ஓடுற பாதையில் ஒட்டினா முழுசாப் போய்ச் சேராது. கடைசியில் மிச்சமிருக்கிற சில பிரைமர்களுக்கு மேல கனம் இல்லாததால் தாமதமா இறங்கும். அதுக்குத்தான் அடுக்கு மேல ஒரு குச்சியை நிறுத்துறாங்க. ராணுவக் கூடா இருந்தா பிரைமர் குழியின் விளிம்பை உள்பக்கமா நசுக்கியிருப்பாங்க, அதைச் சீவி எடுக்காம புது பிரைமர் ஏறாது.

எல்லாத்துக்கும் வைத்தியம் துடைக்கிறது, நேராக்குறது, தேய்ஞ்சதை மாத்துறது. செய்யவே கூடாதது, மாட்டினதை பலம் போட்டு அழுத்துறது. நசுக்கினா வெடிக்கிறதுக்குன்னே செஞ்ச பொருள் அது. ஒண்ணு வெடிச்சா அடுக்கே வெடிக்கலாம்னுதான் குழாயைச் சுத்தி இரும்புக் கவசம் போடுறாங்க.

ஆனா அனுபவஸ்தங்க இதைவிடப் பயப்படுறது இன்னொண்ணுக்கு. பிரைமர் மாட்டுது. ஆள் குனிஞ்சு நோண்டுறார். கைப்பிடியை அரைகுறையா மேலயும் கீழயும் ஆட்டுறார். பிரைமர் சரியாயிடுச்சு, சந்தோஷம். இதுக்குள்ள பக்கத்து ஸ்டேஷனில் இருந்த கூட்டுக்கு மருந்து விழுந்துச்சா இல்லையா? ஒருவேளை ரெண்டு தடவை விழுந்துச்சா?

மருந்தே விழலைன்னா பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பிக் குழாய் நடுவில் நின்னுடும். அடுத்தது அதில் போய் மோதும். ரெண்டு தடவை விழுந்திருந்தா துப்பாக்கியே பிளக்கலாம். .38 ஸ்பெஷல் 1898ல் கரும்மருந்துக் காலத்தின் கடைசியில் வந்த தோட்டா, கூடு பெருசு. இப்போதைய மருந்து கொஞ்சமே போதும்ங்கிறதால் ரெண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் படாது.

அதனால பழக்கப்பட்டவங்க விதி எளிமையானது. பிரைமர் மாட்டுச்சா, சுத்தில இருக்கிற எல்லாக் கூட்டையும் வெளியே எடு. மாட்டினதைச் சரி பண்ணு. அப்புறம் முதல் ஸ்டேஷனில் இருந்து ஆரம்பி. நாலு கூடு வீணாப் போகட்டும், பரவாயில்லை. நம்ம தொழிலில் பாதியில் செத்த ஜாபை அப்படியே தொடராம, ரோல்பேக் பண்ணிட்டு முதல்ல இருந்து ஓட்டுவோமே, அதே சமாச்சாரம்.

கெட்டிஸ்பர்க்கில் 23 குண்டை அடைச்ச அந்த சிப்பாய்க்கு நின்னு பார்க்க நேரம் இல்லை, எதிரே சுட்டுக்கிட்டு இருந்தாங்க. கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படி என்ன அவசரம்?